பதினெட்டாயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபாய் பிரேக்

பில்லை மூன்று முறை படித்தேன். முதல் முறை கண்ணாடி போடாமல். இரண்டாவது முறை கண்ணாடி போட்டு. மூன்றாவது முறை, வேறு யாருடைய பில்லையாவது மாற்றிக் கொடுத்துவிட்டார்களோ என்று வண்டி நம்பரைச் சரிபார்த்து.

என் வண்டி நம்பர்தான். பதினெட்டாயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபாய்!

வண்டியை விடும்போது மெக்கானிக் செல்லப்பாண்டி என்ன சொன்னார் தெரியுமா? "முன்னாடி பிரேக்கு பேடு தேஞ்சிருக்கும்க்கா. நாலாயிரத்துக்குள்ள முடிஞ்சிரும்." நாலாயிரம் எங்கே... பதினெட்டாயிரம் எங்கே?

போடியில் தேவாரம் போகிற ரோட்டில் ஒரு தகர ஷெட். அதுதான் செல்லப்பாண்டியின் ஒர்க்‌ஷாப். ஆள் ஒல்லி, பேச்சும் குறைவு. அவர் மனைவி ஜோதிதான் பில் எழுதுவது, பணம் வாங்குவது, போனில் பதில் சொல்வது எல்லாம். இதற்கு முன்பு பஞ்சர், ஆயில் என்று இரண்டு மூன்று முறை போயிருக்கிறேன். நூறு, ஐநூறு என்று முடிந்துவிடும். யாருக்கும் யார் மேலும் புகார் இல்லை.

இந்த முறை விஷயம் வேறு. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு நாள் பிரேக்கை மிதித்தால், கால் வழக்கத்தைவிடக் கீழே போய் நின்றது. வண்டியும் நின்றது, ஆனால் ஒரு முழம் தள்ளி. சாதாரண நாளாக இருந்தால் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டிருப்பேன். பதினோரு வயதான கார். அதற்கும் மூட்டு வலி இருக்கத்தானே செய்யும்?

விட முடியவில்லை. காரணம், என் தங்கை மாலா.

மாலாவின் கணவர் மலை மேலே, போடிமெட்டைத் தாண்டி ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் சூப்பர்வைசர். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து இப்போதுதான் மாலா உண்டாகியிருந்தாள். எட்டாம் மாதம். பிரசவத்துக்கு அவளைக் கீழே கூட்டி வர வேண்டும். பதினேழு கொண்டை ஊசி வளைவு. ஜீப்பில் ஏற்றினால் குலுக்கி எடுத்துவிடும். வாடகை கார் பிடிக்கலாம். ஆனால் "யக்கா, நீயே வா. நெனச்ச எடத்துல நிறுத்தி வாந்தி எடுக்கணும், வேற டிரைவர்னா கூச்சமா இருக்கும்" என்று சொல்லிவிட்டாள்.

வண்டியை விடும்போது இதைத்தான் செல்லப்பாண்டியிடம் சொன்னேன். "வெரசா முடிச்சுக் குடுங்க தம்பி. தங்கச்சி புள்ளத்தாச்சி. ஞாயித்துக்கிழமை மேல போய்க் கூட்டிட்டு வரணும்."

மூன்று நாள் கழித்து வந்ததுதான் அந்த பில்.

உடனே அவரிடம் கேட்டிருக்கலாம். நாம் அப்படிச் செய்வோமா? வீட்டுக்கு வந்து, தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டேன். கார் ரிப்பேர் விஷயத்தில் ஓர் அதிசயம் இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? காரைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களுக்குக்கூட மெக்கானிக்குகளைப் பற்றி எல்லாம் தெரிந்திருக்கும்! என் கணவர் "பொம்பள வந்து விட்டா இப்பிடித்தான்" என்றார். பக்கத்து வீட்டு சார், "நல்லா இருக்குற பார்ட்டையே கழட்டிட்டு மாத்துனேம்பாங்க" என்றார். எனக்குள் கொதிப்பு ஏறிக்கொண்டே போனது.

சாயங்காலம் ஷெட்டுக்குப் போனேன். நான்கைந்து பேர் இருந்தார்கள். பரவாயில்லை, எல்லோரும் கேட்கட்டும் என்று ஆரம்பித்தேன்.

"நாலாயிரம்னு சொல்லிட்டு இது என்ன தம்பி?"

செல்லப்பாண்டி கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தார். "கழட்டிப் பாத்தா பின்னாடியும் ஆயில் கசியுதுக்கா. மாஸ்டர் சிலிண்டரும் போயிருச்சு. டிஸ்க்கு ரெண்டும் தேஞ்சு..."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"கேக்கலக்கா. புள்ளத்தாச்சியக் கூட்டிட்டு வர்றேன்னீங்க. அதான் நான்..."

"அதச் சொன்னதும் பில்லு ஏத்தலாம்னு தெரிஞ்சுபோச்சு, இல்ல? ஆளப் பாத்து வெல போடுறீங்க!"

பழைய பார்ட்டுகளை ஒரு சாக்கில் கட்டி எடுத்து வந்து என் காலடியில் வைத்தார் செல்லப்பாண்டி. நான் குனிந்துகூடப் பார்க்கவில்லை. பார்த்தாலும் எனக்கு என்ன தெரியும், அது வேறு விஷயம்.

"சரிக்கா. பார்ட்ஸு கடைக்கு நான் குடுக்கணும், அத மட்டும் குடுங்க. லேபரு வேணாம்."

லேபர் நாலாயிரத்து இருநூறு. ஜோதி பில்லை வாங்கி, அந்த வரியின் மேல் நிதானமாக ஒரு கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் ஜெயித்துவிட்டேன். பார்ட்ஸ் பணத்தை மட்டும் கொடுத்து வண்டியை எடுத்து வந்து கணவரிடம் பெருமையாகச் சொன்னேன். பக்கத்து வீட்டு சாரிடமும் சொன்னேன். அவர் "இன்னும் கொஞ்சம் அடிச்சுப் பேசியிருக்கலாம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மேலே போனேன். மத்தியானச் சாப்பாடு முடித்து, மாலாவைப் பின் சீட்டில் இரண்டு தலையணைக்கு நடுவே உட்கார வைத்து இறங்க ஆரம்பித்தோம். லேசான தூறல். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். பொண்ணு பிறந்தால் என்ன பேர், பையன் என்றால் என்ன பேர், பக்கத்து வீட்டு மலையாளத்துச் சேச்சி கொடுத்துவிட்ட ஊறுகாய் டப்பா சரிந்துவிடுமோ... இரண்டு இடத்தில் நிறுத்தினோம். "கஷ்டமா இருக்கா?" என்றால், "சாரமில்லக்கா, போ" என்று சிரித்தாள். பரவாயில்லை என்பதை அவள் மலையாளத்தில் சொல்ல ஆரம்பித்து வருடக்கணக்காகிறது.

ஒரு வளைவில் எதிரே ஜீப் ஒன்று எங்கள் பக்கமே ஏறி வந்தது. மிதித்தேன். நின்றது. ஜீப் ஒதுங்கிப் போனது. மாலா பேச்சைக்கூட நிறுத்தவில்லை.

மலையடிவாரத்தில் முந்தல் வந்து, ரோடு சமமான பிறகுதான் எனக்கு உறைத்தது. பதினேழு வளைவு இறங்கியிருக்கிறேன். பிரேக்கைப் பற்றி ஒரு முறைகூட நினைக்கவில்லை!

யோசித்துப் பாருங்கள். பதினெட்டாயிரத்துக்குப் புடவை வாங்கினால் கட்டிக்கொண்டு நாலு பேருக்குக் காட்டலாம். ஃபிரிட்ஜ் வாங்கினால் திறந்து திறந்து பார்க்கலாம். பிரேக்குக்குக் கொடுத்த பணத்துக்கு என்ன கிடைக்கும்? ஒன்றும் நடக்காது. அவ்வளவுதான்... ஒன்றும் நடக்காமல் இருக்கத்தான் அந்தப் பணம். கண்ணுக்குத் தெரியாத பொருளுக்குக் காசு கொடுக்கும்போது நமக்கு வயிறு எரிகிறது. எரிந்தால் தப்பில்லை. ஆனால் அந்த எரிச்சலில் ஒரு மனிதரைத் திருடன் என்று நாலு பேர் முன்னால் சொல்வது?

அன்று ராத்திரி மாலா நிம்மதியாகத் தூங்கினாள். நான் தூங்கவில்லை.

திங்கட்கிழமை காலை நாலாயிரத்து இருநூறை எண்ணி எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். ஜோதி மட்டும் முன்னால் இருந்தாள். "அவரு வண்டிக்குக் கீழ இருக்காரு" என்றாள். வாங்க என்றுகூடச் சொல்லவில்லை.

"அன்னிக்கு நான் பேசுனது தப்பும்மா."

பில் புத்தகத்தை மூடி வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "கூலி போனாப் போகுதுக்கா. மூணு நாளு வேற வண்டி எதையும் தொடல. உங்க சோலியத்தான் பாத்தாரு. நீங்க பேசிட்டுப் போன அன்னிக்குச் சோறு திங்கல. 'ஆளப் பாத்து வெல போடுறவனா நானு'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு."

அதற்குள் செல்லப்பாண்டி வெளியே வந்துவிட்டார். அன்று நான் பாதியில் வெட்டினேனே, அந்தப் பேச்சை இன்று முழுசாகக் கேட்டேன்.

"புள்ளத்தாச்சியக் கூட்டிட்டு வர்றேன்னீங்க. போன் போட்டு ரேட்டச் சொன்னா, 'முன்னாடி மட்டும் பாருங்க, மத்தது அப்புறம்'னு சொல்லிருவீங்களோன்னு பயமா இருந்துச்சுக்கா. நீங்க வேணாம்னுட்டா நான் எப்பிடிச் செய்யுறது? செய்யாம எப்பிடி மலைக்கு அனுப்புறது? அதான் கேக்காமலே செஞ்சிட்டேன். கேட்டுருக்கணும். அது என் தப்புத்தான்."

நானும் மறைக்காமல் சொன்னேன். அவர் போன் செய்திருந்தால் நான் அதே வார்த்தையைத்தான் சொல்லியிருப்பேன். மத்தது அப்புறம்... அந்த ஓட்டைப் பிரேக்கோடுதான் மாலாவை இறக்கியிருப்பேன்.

"இனிமே கேளுங்க தம்பி. நான் கத்துவேன். கத்தட்டும்னு விட்டுட்டு, எதுக்குன்னு புரியவைங்க."

பணத்தை நீட்டினேன். "வேணாம்க்கா, சொன்னது சொன்னதுதான்" என்று அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். ஜோதி சட்டென்று என் கையிலிருந்து வாங்கினாள்.

"வேணாம்னு சொல்ல நீங்க யாரு? கரண்டு பில்லு யாரு கட்டுறது?"

மூன்று பேரும் சிரித்துவிட்டோம். அப்புறம்தான் எனக்கு டீ வந்தது.

அன்றிலிருந்து செல்லப்பாண்டி என்னைக் கேட்காமல் எதையும் செய்வதில்லை. எல்லாவற்றுக்கும் போன்தான். போன வாரம் கார் சாதாரண சர்வீஸுக்காக ஷெட்டில் இருந்தது. டாக்டர் சொன்ன தேதிக்கு ஒன்பது நாள் முன்னாலேயே மாலாவுக்கு வலி வந்துவிட்டது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பிரசவ அறைக்கு வெளியே கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறேன். மாலாவின் கணவர் மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறார். போன் அடிக்கிறது.

"யக்கா, வைப்பர் ரப்பரு தேஞ்சுபோச்சு. நூத்தி எம்பது ரூவா வரும். மாத்தவா, வேணாமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் கதவு திறந்தது. நர்ஸ் ஒரு துணிச் சுருளை என் கையில் வைத்தார். பெண் குழந்தை. தாயும் நலம். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. போனில் செல்லப்பாண்டி இன்னும் "யக்கா... யக்கா..." என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

"மாத்துங்க தம்பி! பொண்ணு பொறந்திருக்கா!"

நேற்று பில் வந்தது. வைப்பர் ரப்பர் அதில் இல்லவே இல்லை. கேட்டால், "அது பாப்பாவுக்கு" என்கிறார்.

நாளைக்கு மறுபடியும் ஷெட்டுக்குச் சண்டைக்குப் போகிறேன்... இந்த முறை பில் குறைவாக வந்துவிட்டது!