சார்ஜ் ஏறாத விஜயதசமி

சரஸ்வதி பூசை மாலையில் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையறைகளில் ஒன்றான எங்கள் காம்பிராவில் இருந்தவர்கள் அம்மாவும் தங்கச்சியும்தான். அப்பா இல்லை, அவர் கொழும்பில், புறக்கோட்டைக் கடையொன்றில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். நானும் இல்லை. அவலும் கடலையும் வாங்கத் தலவாக்கலை பஸாருக்கு இறங்கிப் போனவன், மழைக்குக் கடையோரம் ஒதுங்கி நின்று, பூசை முடிந்த பிறகுதான் லயத்துக்கு ஏறி வந்து சேர்ந்தேன்.

உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சாமி படத்துக்குக் கீழே அப்பா விட்டுப்போன, தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, அம்மாவின் கொழுந்துக் கூடை, தங்கச்சியின் பாடப் புத்தகங்கள், அந்த அடுக்கின் உச்சியில் என் லெப்டொப். அதன் மூடி நடுவில் சந்தனப் பொட்டு, அதற்குள் குங்குமம். பக்கத்தில் சார்ஜர் வயரை வட்டமாகச் சுருட்டி, மேலே ஒரு செவ்வந்திப் பூவும் வைத்திருந்தார்கள். புது மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. விடியும்வரை அதைத் தொடக் கூடாது. படிக்கிற சாமான் என்றால் அன்றிரவு அது சாமியின் சாமான்.

எனக்கோ அதைத் தொட வேண்டிய அவசரம். என் இறுதியாண்டு ஆய்வறிக்கை அதற்குள்தான் இருந்தது. எங்கள் தோட்டத்து மலைகளுக்குச் சனங்கள் வைத்த பெயர்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். ஆபீஸ் வரைபடத்தில் அந்த மலைகளுக்கு வெறும் நம்பர்கள். கொழுந்து பறிக்கிறவர்கள் வாயில் அவை கோச்சிமலை, கஞ்சிமலை, சீக்காளிமலை. விஜயதசமிக்கு மறுநாள் பின்னேரம் நாலு மணிக்குள் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிட வேண்டும். தவறினால் பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போகும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான்தான். "நீ படிச்சு முடிச்ச அன்னைக்கு மூட்டைய எறக்கி வச்சிட்டு நான் வீட்டுக்கு வந்துருவேன்" என்று அப்பா சொல்லியிருந்தார். ஆகவே அந்த ஒரு வருஷத்தையும் அவர்தான் முதுகில் சுமக்க வேண்டும்.

விஜயதசமி காலையில் அம்மா, வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போய்விட்டார். குளித்து, கற்பூரம் காட்டி, லெப்டொப்பை எடுத்தேன். மூடியில் இருந்த பொட்டை ஈரத்துணியால் துடைத்தேன். வயரைச் செருகி, வாசல் திண்ணையான இஸ்தோப்பில் பலகை போட்டு உட்கார்ந்தேன். கடைசி அத்தியாயம்தான் பாக்கி. முகில் பள்ளத்திலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தது. முதலில் ரோடு போனது, பிறகு தண்ணி பிடிக்கிற பீலியடி போனது, பிறகு எதிர்லயத்துக் கூரை. கடைசியில் நானும் பலகையும் திரையும் மட்டும் மிச்சம். கோச்சிமலையைப் பற்றி எழுதினேன்; கோச்சி என்றால் ரயில். அங்கே நின்றால் கீழே ரயில் போவது தெரியாது, சத்தம் மட்டும் காலடியில் நகரும் என்று அம்மா சொன்னதை எழுதினேன். எழுத எழுத அந்தச் சத்தம் எனக்கும் கேட்டது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ தெரியாது. திடீரென்று திரை மங்கி அணைந்தது. முகில் அதற்குள்ளும் வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அது விலகட்டும் என்று காத்துக்கூட இருந்தேன்.

பிறகுதான் விளங்கியது. சார்ஜ் ஏறவே இல்லை.

அப்பா செகண்ட் ஹேண்டில் வாங்கித் தந்த மெஷின் அது. பேட்டரி பழசு, வயரைப் பிடுங்கினால் ஒரு தேத்தண்ணி ஆறுகிற நேரம் தாங்கும். இரண்டு அத்தியாயங்கள் வேறெங்கும் இல்லை, அதற்குள் மட்டும்தான்.

சுவரில் இருந்த பிளக்கில் போன் சார்ஜரைச் செருகிப் பார்த்தேன். போனுக்கு ஏறியது. லெப்டொப் சார்ஜரின் கறுப்புப் பெட்டியில் பச்சை லைட் எரிந்தது. ஆக, கரண்ட் பெட்டிவரை வருகிறது. வயரை வளைத்தேன், நிமிர்த்தினேன். பவர் பட்டனை நெடுநேரம் அமுக்கிப் பிடித்தேன். அப்படிச் செய்தால் சரியாகும் என்று யாரோ சொன்ன ஞாபகம். ஒன்றும் நடக்கவில்லை.

காய்ச்சல் என்று சாட்டுச் சொல்லிப் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் இருந்த தங்கச்சி எட்டிப் பார்த்தாள். "என்னாண்ணே, மெஷினுக்கும் காய்ச்சலா?"

"போடி அங்கிட்டு."

"நெத்தியத் தொட்டுப் பாத்தியா? சுடுதா?"

சத்தம் கேட்டு அடுத்த காம்பிரா மாமா டெஸ்டரோடு வந்தார். சுவர்ப் பிளக்கில் குத்திப் பார்த்தார். டெஸ்டர் எரிந்தது. "கரண்டு நல்லாத்தான் இருக்கு மாப்ள. நீதான் டல்லா இருக்க" என்றார். பிறகு லெப்டொப்பைக் கவிழ்த்து, தட்டி, மறுபடியும் கவிழ்த்தார்.

"மாமா, தட்டாதீங்க மாமா."

"எங்க ரேடியோவுக்கெல்லாம் நாலு போட்டாத்தான் பேசும். இது படிச்சதுல்ல, அடி தாங்காது." அவரே சிரித்துக்கொண்டு போய்விட்டார்.

ஹட்டனுக்குத்தான் கொண்டுபோக வேண்டும். கையில் காசில்லை. அம்மாவைத் தேடி மலைக்கு ஏறினேன். அன்று அவர்களுக்குச் சீக்காளிமலையில் பறிப்பு. முகிலுக்குள் யாரும் தெரியவில்லை; பேச்சு மட்டும் செடிகளுக்கு மேலே மிதந்தது. கொழுந்து ஒடிகிற சின்னச் சத்தம் எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. அறிக்கையில் எழுதிய மலைக்குள்ளேயே நடக்கிறேன், அது அணைந்துபோன திரைக்குள் இருக்கிறது, நானும் அதற்குள்தான் இருக்கிறேன் என்று ஏதேதோ தோன்றியது.

"அம்மா!"

முகிலுக்குள்ளிருந்து வேறொரு குரல் பதில் சொன்னது. "எந்த அம்மா வேணும்? இங்க இருவது அம்மா இருக்கோம்!"

"அட, நம்ம பட்டதாரி! கங்காணி, தம்பிக்கும் ஒரு பேரு போடுங்க. கூடை இருக்கா தம்பி?" என்றது இன்னொரு குரல்.

சிரிப்பு ஒரு நிரையிலிருந்து அடுத்த நிரைக்குப் போனது. அந்தச் சிரிப்புக்கு நடுவிலிருந்து அம்மா வெளியே வந்தார். படங்குச் சாக்கு இடுப்பில், முகமெல்லாம் ஈரம். விஷயத்தைச் சொன்னேன். அவர் கூடையை இறக்கி, கங்காணியிடம் போய், "எனக்கு அரைப்பேரு போட்டுக்குங்க" என்றார். பாதி நாள் வேலை, பாதிச் சம்பளம்.

"காச மட்டும் குடுங்கம்மா, நான் போயிட்டு வந்துர்றேன்."

"காசு என் மடியில இருக்கு. மடிய அவுத்துக் குடுக்க முடியுமா? வா."

ஹட்டனில் கடைக்காரப் பையனுக்கு என் வயதுதான் இருக்கும். சிங்களமும் தமிழும் கலந்து பேசினான்; தம்பிக்கு 'மல்லி' என்றான். தன் சார்ஜர் ஒன்றைச் செருகிப் பார்த்தான். எங்களுடையதை வேறொரு மெஷினில் செருகிப் பார்த்தான். இரண்டும் வேலை செய்யவில்லை. போன் லைட்டைப் பிடித்து லெப்டொப்பின் துளைக்குள் பார்த்தான்.

"மல்லி, உள்ளுக்கு மஞ்சளா இருக்கு. துரு. இந்தக் குளிருக்கு எல்லா மெஷினும் இப்பிடித்தான். ஜாக் மாத்தணும், சார்ஜரும் புதுசு வேணும். வச்சிட்டுப் போங்க, மூணு நாள்ல தாறன்."

"நாளைக்கே வேணும்."

"நாளைக்கு ஏலாது மல்லி. பார்ட்ஸ் கொழும்புல இருந்து வரணும்."

அம்மா என் முகத்தைப் பார்த்தார். பார்த்ததற்கான காசைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தோம். பஸ் ஸ்டாண்டில் இரண்டு தேத்தண்ணியும் இரண்டு வடையும் வாங்கினார். நான் வடையைத் தொடவில்லை. அவர் அதைக் கடதாசியில் சுற்றி வைத்துக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் லெப்டொப் பையை அம்மா மடியில் வைத்திருந்தார், தூங்குகிற பிள்ளையை வைத்திருக்கிற மாதிரி ஒரு கையை மேலே போட்டுக்கொண்டு. கொட்டகலை தாண்டியதும் கண்ணாடியில் நீர் படிந்து மலைகள் கரைந்தன. நான் அவர் தோளில் சாய்ந்தேன். அரைத்தூக்கத்தில் கோயில் வாசனை அடித்தது. நான் சின்னப் பிள்ளையாக எங்கோ திருவிழாவில் நிற்கிறேன், மேளம் தூரத்தில் கேட்கிறது, யாரோ நெற்றியில் குளிர்ச்சியாகத் தொடுகிறார்கள். பஸ் ஒரு வளைவில் குலுங்கியது. கண்ணைத் திறந்தேன். வாசனை போகவில்லை. பையிலிருந்துதான் வந்தது.

"அம்மா, பையில சந்தனம் வச்சிருக்கீங்களா?"

"இல்லையே. நேத்துப் பூசையில வச்சதுதான் வாசம் வரும்."

"அதத்தான் காலையிலேயே தொடச்சிட்டேனே."

"மூடில வச்சதத் தொடச்சிருப்ப. வாயில வச்சது?"

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "எந்த வாயி?"

அவர் மெதுவாகச் சொன்னார். கத்தி என்றால் பிடியில் வைக்கலாம், கூடை என்றால் விளிம்பில் வைக்கலாம். பானைக்கும் உரலுக்கும் வாயில்தான் பொட்டு. இது தின்கிற வாய் எது என்று தங்கச்சியிடம் கேட்டாராம். அவள் அந்தச் சின்னத் துளையைக் காட்டினாளாம். "ஒம் படிப்பெல்லாம் அது வழியாத்தான உள்ள போவுது. அதான் வெரல் நுனியால நல்லா உள்ள தள்ளி வச்சேன். ஊட்டுற வயரு மொனைலயும் வச்சேன்."

சொல்லி முடித்ததும் அவருக்கே விளங்கிவிட்டது. பைமேல் இருந்த கையை எடுத்துக்கொண்டார். கொழுந்துக் கறை ஏறிய அந்த விரல்களை முந்தானைக்குள் மறைத்தார்.

"நாந்தான் கெடுத்துட்டனா தம்பி?"

"துரு இல்லம்மா! அது துருவே இல்ல!" நான் சத்தமாகச் சொன்னதில் முன் சீட்டு ஆள் திரும்பிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவுக்கு வரவில்லை. தலவாக்கலை வரும்வரை சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாமசியில் ஸ்பிரிட்டும் பஞ்சும் வாங்கினோம். இஸ்தோப்பில் உட்கார்ந்து, ஈர்க்குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றி ஸ்பிரிட்டில் தோய்த்துத் துளைக்குள் விட்டேன். ஈர்க்கு வளைந்து வளைந்து வழுக்கியது.

"குடு இங்க" என்றார் அம்மா. வாங்கியவர் உடனே தொடங்கவில்லை. தங்கச்சியை ஒரு வாழையிலைத் துண்டு கொண்டுவரச் சொன்னார். "சாமிக்கு வச்சத கண்ட எடத்துல ஒதறக்கூடாது." பிறகு ஈர்க்கை உள்ளே விட்டு, துளிர் கிள்ளுகிற அதே இரண்டு விரலால் மெல்லத் திருப்பினார். மஞ்சள் பொடியாக வந்தது. இலையில் தட்டினார். மறுபடி பஞ்சு, மறுபடி ஸ்பிரிட். வயர் முனையிலும் சந்தனம் இறுகி வளையம் மாதிரி இருந்தது, அதையும் சுரண்டினார். ஸ்பிரிட் வாசமும் சந்தன வாசமும் கலந்து, ஆஸ்பத்திரியா கோயிலா என்று தெரியாத காற்றாக இருந்தது. நாங்கள் மூன்று பேரும் மூச்சைக்கூடப் பார்த்துத்தான் விட்டோம்.

தங்கச்சி மட்டும் வாயை வைத்துக்கொண்டு இருக்கவில்லை. "பாவம், வாய் நெறைய சந்தனத்த அடைச்சிக்கிட்டு அது எப்புடித் திங்கும்?"

"வாய நீதானடி காட்டுன" என்றார் அம்மா.

இலையை அவர் ரோஜாச் செடியடியில் கொட்டிவிட்டு வந்தார். ஈரம் காயட்டும் என்று சோறு தின்று முடிக்கும்வரை விட்டுவைத்தோம். பிறகு அம்மாவைச் செருகச் சொன்னேன். மாட்டேன் என்றார். "என் கையி வேணாம். நீ செருகு."

"நீங்கதான் செருகணும்."

செருகினார். பக்கவாட்டில் செம்மஞ்சளாக ஒரு பொட்டு லைட் எரிந்தது. வெளியே முகில் விலகி, எதிர்லயத்துக் கூரை ஒவ்வொரு தகரமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. பட்டனை அமுக்கினேன். கோச்சிமலை விட்ட இடத்தில் இருந்தது. பாதியில் நின்ற வசனம்கூடக் குறையவில்லை. அம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. திரை பக்கம் குனிந்து, "எல்லாம் இருக்கா? எண்ணிப் பாரு" என்றார்.

அன்று இருட்டும்வரையும் மறுநாள் காலையிலும் எழுதினேன். மத்தியானம் சிக்னல் கிடைக்கிற கோயில் வளைவுக்கு லெப்டொப்பைச் சுமந்து ஏறி, போனிலிருந்து நெட் கொடுத்து அனுப்பினேன். கீழே பள்ளத்தில் ரயில் போனது. அதைப் பார்க்க முடியவில்லை. அனுப்பியாயிற்று என்று திரை சொன்ன பிறகும் நெடுநேரம் அந்தச் சத்தத்தின்மேல் நின்றேன்.

பின்னேரம் அப்பாவின் போன் கோல் வந்தது. பொட்டு விஷயத்தை முந்தின இரவே தங்கச்சி அவருக்குச் சொல்லிவிட்டிருந்தாள். அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"போயிருச்சா?" என்றார் அப்பா.

"போயிருச்சுங்க."

கொழும்பு ரோட்டுச் சத்தத்துக்கு நடுவில், "அப்ப எனக்கு ஒரு வருஷம் மிச்சம்" என்றார். பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு, "பொட்டு வச்ச செலவு எவ்ளோ? அதச் சொல்லு மொதல்ல" என்றார்.

அம்மா வெட்கத்தோடு என்னைப் பார்த்தார். விரலை மடக்கி, பஸ், கடைக்காரப் பையன், தேத்தண்ணி, பாமசி என்று வாய்க்குள்ளேயே கூட்டினார். "என் அரைப்பேரு போனத விட்டுட்டு," என்றார், "ஆயிரத்து நானூத்தி எழுவது ரூவா."