ஒரு மூடி கடல்நீர்

"சார், சிலமலை டீச்சர் தவறிட்டாங்க. நேத்தே எடுத்தாச்சு. உங்களுக்குச் சொல்லலையா?"

போடியில் ஜீப்புக்காக நின்றிருந்த என்னிடம் முருகன் கேட்டான். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிறவன். சிலமலை டீச்சர் என்று எல்லோரும் சொல்லும் பாண்டியம்மாள் டீச்சரிடம் தமிழ் படித்தவன். எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லாதது நியாயம்தான்.

அவரிடம் படித்த உங்களுக்கு அந்த வகுப்பு நினைவிருக்கும். அப்போது நான் உங்கள் பள்ளியில் தலைமையாசிரியர். 'கடல்நீர்' என்ற சொல்லுக்குப் பொருள் கேட்டதற்கு, கடலில் உள்ள நீர் என்று எல்லோரும் எழுதினீர்கள். சொற்றொடரில் அமைக்கச் சொன்னபோது, 'எங்கம்மா வைத்த குழம்பு கடல்நீர்' என்று ஒரு பெண் எழுதினாள். டீச்சர் அவளுக்கு முழு மதிப்பெண் போட்டார். நம் வீடுகளில் அப்படித்தானே பேசுகிறோம்? உப்புக் கூடினால் 'கடத்தண்ணியா இருக்கு' என்று தட்டைத் தள்ளுகிறோம். தள்ளுகிறவர்களில் எத்தனை பேர் கடலைக் கண்டோம்?

"ருசி தெரியாமலே உதாரணம் சொல்றோமே சார், கூச்சமா இல்ல?" என்று டீச்சர் என்னிடம் கேட்டார்.

தை அமாவாசைக்கு ராமேஸ்வரம் போன டீச்சரின் பக்கத்து வீட்டுக்காரர் மூலம் ஒரு கேன் கடல்நீர் வந்தது. நீங்கள் வரிசையில் நின்று ஆளுக்கொரு மூடி வாங்கி, நாக்கில் தொட்டுத் துப்பினீர்கள்.

"ஆத்தாடி! கசக்குது டீச்சர். உப்புன்னுல்ல சொன்னீங்க!"

"இப்ப எழுதுடா, அப்பு."

மறுநாள் உங்கள் வகுப்பில் ஒருவனின் தந்தை ஆட்களோடு வந்தார். பையனுக்கு வயிற்றுப்போக்காம். "செத்தவங்களுக்குத் திதி குடுத்த தண்ணிய எம்புள்ள வாயில ஊத்துவீகளோ?" என்று கத்தினார். அதே கேனிலிருந்து தீர்த்தமென்று வாங்கித் தம் வீட்டில் தெளித்தவர்தான் அவர்.

வருகைப் பதிவேட்டைப் பிரித்தேன். முந்தைய நாள் அவன் பள்ளிக்கே வந்திருக்கவில்லை. அதைக் காட்டியிருந்தால் போதும். வெளியே சத்தம் கூடியது. பதிவேட்டை மூடினேன், டீச்சர்மீது மேலிடத்துக்குப் புகார் எழுதிக் கையெழுத்திட்டேன். அவரை மலைமேல் ஒரு பள்ளிக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை முழங்கால் வலியோடு ஜீப்பில் தொற்றிக்கொண்டு போய்வந்தார்.

கிளம்பும் நாளில் என் மேசை முன் நின்று ஒன்றே ஒன்று கேட்டார்: "அவன் அன்னைக்கு வரலைன்னு உங்களுக்குத் தெரியும்ல சார்?"

நான் பேனாவை மூடிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போனார். அதன்பின் கல்யாண வீடுகளில் எதிர்ப்பட்டால் வணக்கம் சொல்வார். அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கேள்விதான். கேட்டவர் போய்விட்டார். அதனால் அவருடைய பிள்ளைகளாகிய உங்களிடம் சொல்கிறேன்: தெரியும்.