அண்ணாமலை என்று தட்டிப் பார்க்காத நாள்

ஜரீனா மேடம் தவறிவிட்டார் என்று அவருடைய மகன் போனில் சொன்னபோது, நான் எங்கள் மருத்துவமனையின் பதிவு ஜன்னலில் உட்கார்ந்திருந்தேன். மேடம் ஒரு வாரமாக நெஞ்சுவலியோடு வேலூரில் சேர்க்கப்பட்டிருந்ததால், பதிவறையில் அவர் செய்துவந்த பழைய கோப்பு தேடும் வேலை என் தலையில் விழுந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே அடி அண்ணாமலையிலிருந்து வந்த ஒரு பெரியவர். பெயரும் அண்ணாமலை. கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டினேன். திரையை இழுக்க இழுக்க அண்ணாமலைகள் வந்துகொண்டே இருந்தார்கள். "அந்தம்மா இருந்தா மூஞ்சப் பாத்தே எடுத்துக் குடுத்துடும்," என்றார் பெரியவர். நான் திரையை மறுபடி மேலிருந்து இழுக்க ஆரம்பித்தேன்.

இதைப் படிக்கும் உங்களில் பலர் அவரோடு வேலை செய்தவர்கள். பதிவறையில் அவர் யாரிடமும் குரல் உயர்த்தாததைப் பற்றி, பெருநாளன்று வார்டு வார்டாக வந்த பிரியாணியைப் பற்றி இந்த நினைவு மலரில் நீங்கள் எழுதுவீர்கள். நிர்வாக மேலாளரான நான் எழுத வேண்டியது வேறு. எழுதவே கூசுகிறது.

பதிவறைக்குக் கம்ப்யூட்டர் வாங்கலாம் என்று நான் சொன்னபோது, இதனால் நமக்கு என்ன பலன் என்று நிர்வாகக் குழு கேட்டது. ஏசி அறையில் உட்கார்ந்து ஒரே மதியத்தில் பலன்களை எழுதினேன். பதிவு ஒரு நிமிடத்தில் முடியும். பழைய கோப்பு உடனே கிடைக்கும். பதிவறையில் இரண்டு பேர் வேண்டாம், ஒருவர் போதும். பத்தடி தள்ளியிருந்த பதிவறைக்குள் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு நிமிடக் கணக்கு சரியாக வரவேண்டும் என்பதற்காகப் படிவத்திலிருந்து ஊரையும் அப்பா பெயரையும் தூக்கிவிட்டேன்.

மேடம் அதைப் பார்த்துவிட்டு என் அறைக்கு வந்தார். "ஊர் பேரு இல்லாம எப்படி சார்? நம்மூர்ல பாதிப் பேருக்கு சாமி பேருதான்." போன் நம்பர் இருக்கிறதே என்றேன். "அது புள்ளைங்க நம்பர் சார். புள்ள மாத்திட்டா இவங்களுக்கே தெரியாது." பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

வாங்குவதற்கு முன், பழைய பதிவுகளை ஏற்றிய ஒரு மாதிரிக் கம்ப்யூட்டரில் குழுவுக்குச் செய்து காட்டும் நாள் வந்தது. எல்லோர் முன்பும் என் பெயரைத் தட்டினேன். பரிதிவாணன். கண் இமைப்பதற்குள் என் கோப்பு வந்து நின்றது, கை தட்டினார்கள். கதவோரம் நின்றிருந்த மேடம், நான் வெளியே வந்ததும் மெதுவாகச் சொன்னார்: "உங்க பேரு இந்த ஜில்லாவுக்கே ஒண்ணுதான் இருக்கும் சார். அண்ணாமலைன்னு ஒரு தடவை தட்டிப் பாத்திருக்கலாம்." அவர் சொன்னது அங்கேயே எனக்குப் புரிந்தது. புரியாதவன் போல் சிரித்துவிட்டுப் போனேன்.

கம்ப்யூட்டர் வந்தது. மேடத்துக்கு உதவியாக இருந்த செல்வியை மருந்துப் பிரிவுக்கு மாற்றினேன். தனியாளான மேடம் ஒரு நீள நோட்டு வாங்கி, ஒவ்வொரு பதிவையும் ஊர்வாரியாக அதில் மறுபடி எழுத ஆரம்பித்தார். 'அண்ணாமலை, கீழ்பென்னாத்தூர், கடலை வியாபாரம், இடது காது கேக்காது.' பௌர்ணமிக்கு மறுநாள், கிரிவலம் நடந்து கால் கொப்புளித்தவர்கள் வரிசை கட்டும்போதும் நோட்டைப் புரட்டி ஒரு நிமிடத்தில் கோப்பை எடுத்தார். ஆறு மாதம் கழித்து, சொன்ன பலன் கிடைத்ததா என்று குழு கேட்டது. 'கிடைத்தது' என்று எழுதினேன். கம்ப்யூட்டருக்குப் பாராட்டு, எனக்குச் சம்பள உயர்வு. நோட்டைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

அந்த அறிக்கையையும் மேடம் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "எழுதிக்கோங்க சார். ஆனா நான் லீவு போடற அன்னைக்கு நீங்களே ஜன்னல்ல வந்து ஒக்காருங்க," என்றார்.

இதுவரை சொன்னதையெல்லாம் அவசரத்தில் செய்த தவறு என்று நான் சமாளிக்கலாம். அடுத்ததைச் சமாளிக்க முடியாது. மகளின் பிரசவத்துக்குப் பதினைந்து நாள் லீவு கேட்டு வந்தார். மூன்று நாளுக்கு மேல் முடியாது என்றேன். காரணம் கேட்டபோது பௌர்ணமி கூட்டம் என்றேன். உண்மையான காரணம், அவர் இல்லாமல் மூன்று நாள் எப்படியாவது ஒப்பேற்றலாம், நாலாம் நாள் என் பொய் சந்திக்கு வந்துவிடும். "கொழந்தைய குளிப்பாட்டக்கூட ஆள் கம்மி சார்," என்று மட்டும் சொன்னார். நாலாம் நாள் காலை ஜன்னலில் இருந்தார். கம்ப்யூட்டர் எதையும் தேடித் தரவில்லை, மேடம்தான் தேடித் தந்தார் என்று என்னைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை.

அடக்கத்தன்று அவருடைய மகளைப் பார்த்தேன். குழந்தையைத் தோளில் போட்டிருந்தாள். "அம்மா உங்களப் பத்தி ஒரு நாளும் தப்பா பேசினதில்ல சார்," என்றாள். நல்லவிதமாகத்தான் சொன்னாள். நான் செருப்பைத் தேடி வாசலுக்கு வந்துவிட்டேன்.

அந்த நீள நோட்டு இப்போது என் மேசையில் இருக்கிறது. அவருடையது என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். அடி அண்ணாமலைப் பெரியவரின் கோப்பை அதில் பார்த்துத்தான் எடுத்தேன். வரும் வெள்ளிக்கிழமை குழு கூடுகிறது. கம்ப்யூட்டரால் இவ்வளவு பலன் கிடைத்ததால் இன்னொரு கிளைக்கும் அதையே வாங்கலாம் என்ற யோசனையை நான்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். பதிவறையிலிருந்து நான் மாற்றிய செல்வியையும் கூட்டத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன். எல்லோர் முன்பும் அண்ணாமலை என்று தட்டப் போகிறேன். திரை நிறைந்ததும், இத்தனை நாள் இதில் தேடித் தந்தது யார் என்று சொல்லிவிட்டு, அவருக்கு நான் எத்தனை நாள் லீவு கொடுத்தேன் என்பதையும் சொல்வேன்.