ஒரு வீட்டுக்கு ஒரு குக்கர்

தில்லி மயூர் விஹாரில் நாங்கள் மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஞாயிறுதோறும் ராஜ்மாக் குழம்பும் சோறும் சமைத்து, ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் வாசலில் பரிமாறிவந்தோம். நோயாளியை உள்ளே சேர்த்துவிட்டு நடைபாதையில் நாட்கணக்காகப் படுத்துக்கிடக்கும் சொந்தக்காரர்களுக்கான சாப்பாடு அது. வரிசை முடிவதற்குள் அண்டா காலியாகிவிடும். மீதிப் பேரிடம் கையை விரித்துவிட்டுத் திரும்புவோம்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் சொஸைட்டி ஹாலில் சமைக்க செக்ரட்டரி சம்மதிக்கவில்லை. தீப்பிடித்தால் யார் பொறுப்பு என்று கேட்டார், அந்த பஞ்சாபிப் பெரியவர். கேட்டதில் நியாயம் இருந்தது. அதனால் கீழ்வீட்டு மாமியின் பின்முற்றத்தில் அடுப்பை வைத்தோம்.

குளிர் உச்சத்திலிருந்த ஒரு ஞாயிறு. ராஜ்மா வெந்துவிட்டது, அரிசியும் களைந்தாயிற்று. உலை கொதிப்பதற்குள் காஸ் தீர்ந்துபோனது. மாற்றுச் சிலிண்டரில் கசிவு. கடையில் பிரெட் வாங்கிச் சமாளிக்கலாம் என்றேன். மாமி ஒத்துக்கொள்ளவில்லை.

“இந்தக் குளிர்ல சுடச்சுட சோறு வரும்னு காத்துண்டிருப்பா. எல்லார் ஆத்துலயும் குக்கர் இருக்கோல்லியோ? போய்க் கதவைத் தட்டு.”

அரிசியைப் பாத்திரம் பாத்திரமாக எடுத்துக்கொண்டு மாடி மாடியாக ஏறினோம். பலரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. நான் ஹிந்தியில் விஷயத்தைச் சொல்லி முடிக்கும் முன்பே கையிலிருந்ததை வாங்கிக்கொண்டார்கள். சற்று நேரத்தில் கட்டிடம் முழுக்க விசில் சத்தம்.

செக்ரட்டரி வீட்டை மட்டும் நான் தட்டவில்லை. அவரே துண்டில் சுற்றிய குக்கரோடு படியிறங்கி வந்தார். உள்ளே இருப்பது தன் வீட்டு பாசுமதி அரிசிச் சோறு என்று இரண்டு தடவை சொன்னார். பிறகு, என் கதவை மட்டும் ஏன் விட்டுவிட்டாய் பேட்டி என்று மகளிடம் கேட்பதுபோல் கேட்டார். குக்கரை வாங்கிக்கொண்டேன்.

அன்று ஒரு கரண்டி குழைந்த சோறு, அடுத்த கரண்டி உதிரி. யாரும் குறை சொல்லவில்லை. நாங்கள் கொடுத்த அரிசியோடு வீட்டுக்கு வீடு தங்கள் அரிசியையும் சேர்த்து வடித்திருந்ததால், வரிசை முடிந்தபோது பாத்திரத்தில் இன்னும் சோறு இருந்தது. நம்பமுடியாமல் மாமி கரண்டியை விட்டுத் துழாவிப் பார்த்தார். சாப்பிட்டுவிட்டுப் போனவர்களை மறுபடி கூப்பிட்டோம். “அவுர் லீஜியே, பையா,” இன்னும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்ல எனக்கு வாய்த்த முதல் நாள் அது.

அடுத்த வாரம் நாங்கள் சோற்று அண்டாவை வெளியே எடுக்கவே இல்லை; வீட்டுக்கு ஒரு குக்கர் சோறு வந்து சேர்ந்தது. இன்றைக்கு அக்கம்பக்கத்து பிளாக்குகளும் சேர்ந்துவிட்டன. ராஜ்மா மாமியுடையது, சோறு எல்லோருடையது. வரிசையில் நின்ற யாரையும் அதன்பிறகு நாங்கள் வெறும் வயிற்றோடு அனுப்பியதில்லை.