இரும்பு வீட்டுக்கு ஒரு கீசர்

திருகோணமலையில் சுடுதண்ணிக் கீசர் வாங்கப்போகிறேன் என்று சொன்னால் யாரும் சிரிப்பார்கள். என் கணவரின் தங்கையும் சிரித்தாள். "என்ன அண்ணி, நுவரெலியாக் குளிருக்கயோ இருக்கிறியள்? சுடுதண்ணி வேணுமெண்டா கன்னியா வெந்நீர் ஊத்துக்கு பஸ் ஏறுங்கோவன்" என்றாள். அவளுடைய வளவில், அவள் வீட்டுக்குப் பின்னால்தான் எங்கள் பெட்டி நிற்கிறது. ஆகவே நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன்.

பெட்டி என்றால் பெட்டிதான். கப்பலில் சாமான் ஏற்றும் இரும்புக் கொள்கலன். அதில் இரண்டு ஜன்னல் வெட்டி, உள்ளே பலகை அடித்து, ஒரு தொங்கலில் சமைக்கக் குசினியும் மறு தொங்கலில் குளியலறையும் வைத்து அதை வீடு என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். நான்கு கொங்கிரீட் கட்டைகளின் மேல் நிற்கிறது. இப்படி ஒரு வீட்டை என் கணவர்தான் தேடிப் பிடித்தார். குடாவின் மறுகரையில் எங்களுக்குக் காணி இருக்கிறது. என் சீதனக் காணி. போர்க்காலத்தில் விட்டுவிட்டு ஓடி வந்தோம், திரும்பிப் போனபோது அதைச் சுற்றி இராணுவ முகாமின் வேலி நின்றது. என்றைக்காவது விடுவார்கள், விட்ட அன்றைக்கே பெட்டியைக் கிரேனால் தூக்கி லொறியில் ஏற்றி, எங்கள் கிணற்றடியில் கொண்டுபோய் இறக்கிவிடலாம் என்பது அவருடைய திட்டம்.

அந்தத் திட்டத்துக்காக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வாசலில் சீமெந்துப் படி கட்டக்கூடாது, கற்களை அடுக்கித்தான் ஏறி இறங்க வேண்டும். மரம் வைக்கக்கூடாது. கறிவேப்பிலைகூடச் சட்டியில்தான். "நாளைக்குப் போகப்போற ஆக்களுக்கு ஏன் இஞ்ச வேர்?" என்பார். அந்த நாளை வரவேயில்லை. எனக்கு வயது மட்டும் வந்தது.

பிறகு மூட்டுவாதம் வந்தது. மாரி காலத்து விடியலில் இரும்புச் சுவர் குளிர்ந்து கிடக்கும்போது என் விரல்கள் மடங்கினால் மடங்கினபடி நிற்கும். பல் துலக்கவும் முடியாது, கொண்டை போடவும் முடியாது. சுடுதண்ணியில் குளித்தால் ஒரு மணித்தியாலத்தில் மனுசியாகிவிடுவேன். வெயில் காலத்தில் குழாய்த் தண்ணீரே கொதிக்கும், மாரியில்தான் வில்லங்கம். கணவர் கேத்திலில் தண்ணீர் கொதிக்கவைத்துப் பெட்டியின் இந்தத் தொங்கலிலிருந்து அந்தத் தொங்கலுக்குத் தூக்கிக்கொண்டு வருவார். அவருடைய கையும் நடுங்கும் கைதான். ஒருநாள் தவறி அது என் காலில் கொட்டியது. பாதத்தில் தோல் உரிந்து, ஆறும்வரை செருப்புப் போட ஏலாமல் இருந்தேன். அப்போதுதான் கீசர் வாங்குவது என்று முடிவெடுத்தேன். இன்னொருவர் தண்ணீர் ஊற்றாமல் நானே குளிக்க வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

கடையில் அவர் வாளிக்குள் போடும் சூடாக்கும் கம்பி ஒன்றைக் காட்டினார். "இது நல்லம். பிளக்கைக் கழட்டினா பையுக்க வைச்சுக் கொண்டு போகலாம்." இரும்பு வீட்டில், ஈரத் தரையில், விரல் நிமிராதவள் அதைக் கையாள வேண்டுமாம். கடைக்காரர் உடனுக்குடன் சூடாக்கும் சின்னக் கீசரைக் காட்டினார். ஆனால் எங்கள் மின்சாரம் தங்கை வீட்டிலிருந்து ஒரு மெல்லிய வயரில் வருகிறது, அதைப் போட்டால் இரண்டு வீடும் இருண்டுவிடும். கடைசியில் தண்ணீரை மெல்ல மெல்லச் சூடாக்கித் தேக்கி வைக்கும் சிறிய தாங்கிக் கீசரை எடுத்தோம். கணவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, எத்தனை ஆணி கழற்றினால் சுவரிலிருந்து இறங்கும் என்று கேட்டார். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

வயரிங் வேலைக்கு ஒருவர் கிண்ணியாவிலிருந்து வந்தார். பெட்டியைக் கண்டதும் முதலில் கேட்டது, ஏர்த் எங்கே என்பதுதான். ஏர்த் இல்லை. "அக்கா, சுத்திவர இரும்பு. கீசர்ல ஒரு பழுது வந்தா முழு வீடும் கரண்ட் அடிக்கும். நிலத்துக்குள்ள ஒரு செப்புக் கம்பி அடிச்சு வயர் இழுக்காம நான் இதைத் தொடமாட்டன்" என்றார்.

"நிலத்துக்குள்ள ஒண்டும் அடிக்க ஏலாது" என்றார் என் கணவர்.

"ஏன் அண்ணை?"

"நாங்கள் இஞ்ச நிரந்தரமில்லை."

வந்தவர் பாவம், வாடகை வீடாக்கும் என்று நினைத்து, "கம்பியைப் புடுங்கிக்கொண்டு போகலாம்தானே" என்று சமாதானம் சொன்னார். இவர் அசையவில்லை. வேலை அப்படியே நின்றது.

அடுத்த நாள் காலையில் சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறிப் போனவர், பின்னேரம் ஓட்டோவில் வந்து இறங்கினார். இரண்டு உரப் பைகளில் மண். எங்கள் காணிப் பக்கத்து வேலியோரம் அள்ளினதாம். காவலுக்கு நின்ற பொடியன் என்ன செய்கிறாய் என்று கேட்க, பூக்கன்று வைக்க என்றாராம். தங்கை வீட்டில் தண்ணீர் பிடிக்கும் நீலப் பீப்பா ஒன்றை வாங்கி, மண்ணை அதில் கொட்டி நிரப்பி, பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். "இதுக்குள்ள கம்பியை நடட்டும். எங்கட மண். போகேக்க தூக்கிக்கொண்டு போவம்" என்றார். அவருடைய முகத்தில் அப்படி ஒரு பெருமை. வயரிங்காரர் திரும்ப வந்து பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "அண்ணை, இது பிளாஸ்டிக்கெல்லோ. இதுக்குள்ள வைச்சா கரண்ட் எங்க போற?"

எனக்கு வந்த கோபம் அவருடைய மண்ணிலா, அந்த வேலியிலா, என் விரல்களிலா என்று இன்றைக்கும் தெரியாது. தங்கை பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்பதையும் பாராமல் கத்தினேன். "நான் செத்தாலும் லொறியில ஏத்திக்கொண்டு போய்த்தான் எரிப்பியளோ? இஞ்ச எரிச்சா நிரந்தரமாப் போயிடுமோ? அவங்கள் விடமாட்டாங்கள். விடவே மாட்டாங்கள்! எனக்குச் சுடுதண்ணி வேணும்!"

என் கணவர் வயரிங்காரரின் கையிலிருந்த சுத்தியலை வாங்கி, குளியலறைப் பக்கச் சுவரோரமாகக் கம்பியைத் தானே நிலத்தில் அடித்தார். தங்கை வளவில் கல் இல்லை. கம்பி நல்லாய் இறங்கியது.

அன்று பின்னேரம் குளித்தேன். சூடு தோளில் இறங்கி, முழங்கையில் இறங்கி, விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. நானே சவர்க்காரம் போட்டேன், நானே தலை துவட்டினேன். சந்தோசத்தில் அழுதேன், சொல்ல வெட்கமில்லை. கீசர் வாங்கியது பிழை என்று யாரும் என்னிடம் சொல்ல வரவேண்டாம். வேலி போட்டவன் எங்கேயோ நிம்மதியாகக் குளித்துக்கொண்டிருக்கிறான். கிழவனும் கிழவியும் ஒரு முழக் கம்பிக்காக ஊர் பார்க்கச் சண்டை பிடித்தோம். எரிச்சல் எனக்கு அதில்தான்.

மாரி முடிகிற நேரம், எங்கள் பழைய ஊர்க்காரர் ஒருவர் வந்தார். காணி விடச் சொல்லிக் கேட்க எல்லாரும் சேர்ந்து அரச அதிபரின் கச்சேரிக்குப் போகிறார்கள் என்றார். இப்படி எத்தனையோ தரம் போயிருக்கிறார்கள், ஒவ்வொரு தரமும் முன்னால் நின்றவர் என் கணவர். நான் ஒருநாளும் போனதில்லை. காணி என்னுடையது, காத்திருந்தது அவர்.

"நான் வரேல்லை" என்றார் கணவர். "நாங்கள் இஞ்சயே இருந்திட்டம். வசதியாத்தான் இருக்கு. சுடுதண்ணியும் வருது."

குத்திக்காட்டினால் நானும் இரண்டு வார்த்தை சொல்லியிருப்பேன். அவர் குத்திக்காட்டவில்லை. கதிரையைக் காட்டி, வந்தவரை இருக்கச் சொல்லி, தேத்தண்ணி போட உள்ளே போனார்.

கச்சேரிக்கு நான் தனியாகப் போனேன். அவர் எங்கே, அவருக்கு என்ன என்று எல்லாரும் கேட்டார்கள். தடிமன், தும்மல் என்று சொன்னேன்.