லேக்கன் இரண்டாவதாக எழுதிய ஆஸ்பத்திரி

என் தம்பி ஆர்பின் பாதி ஆயுசை நிலக்கரிச் சுரங்கத்தில் கழித்தவன். இப்போது அவன் நெஞ்சுக்குள் இருப்பதும் கரிதான். மூக்கில் ஆக்சிஜன் குழாய் இல்லாமல் வாசல்வரை நடக்க முடியாது. பெண்டாட்டி போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆம்புலன்ஸ் மலை ஏறி வருவதற்குள் போய்விட்டாள் என்பதால்தான் அவன் மகள் லேக்கன் டாக்டருக்குப் படித்தாள், அதிலும் அவசர சிகிச்சைதான் வேண்டும் என்று நின்றாள். அந்தப் பெண்ணின் கதையைத்தான் சொல்கிறேன்.

படிப்பு முடிந்ததும் ஏதாவது ஆஸ்பத்திரியில் மேல்பயிற்சிக்குச் சேரவேண்டும். பிள்ளைகள் ஊர் ஊராகப் போய்ப் பேசிவிட்டு வந்து, தங்களுக்குப் பிடித்த வரிசையில் ஆஸ்பத்திரிகளை எழுதித் தருவார்கள். ஆஸ்பத்திரிகளும் அதேபோலப் பிள்ளைகளை வரிசைப்படுத்தும். கம்ப்யூட்டர் இரண்டையும் சேர்த்துப் பார்த்து ஒருத்தருக்கு ஓர் இடம் சொல்லும். சொன்னால் சொன்னதுதான், மாட்டேன் என்று மறுக்க வழியில்லை.

லேக்கனுக்கு மேசன்ஃபோர்க் ஆஸ்பத்திரி மேல்தான் ஆசை. ஓடையைத் தாண்டி அடுத்த ஊர். வேலை முடிந்து தினமும் அப்பாவிடம் வந்துவிடலாம். அங்கே ஒரு மாதம் வேலை பார்த்தும் இருந்தாள். அங்கே அவசரப் பிரிவின் தலைவர் டாக்டர் ஹேகன்ஸ் எங்கள் மலைக்காரர். கடைசி நாளில் அவளுக்குக் கை கொடுத்து, வண்டியைப் பார்த்து ஓட்டிப் போ என்றார். அவ்வளவுதான். நாட்டின் அந்தக் கோடியில், நெவாடாவில் ஓர் ஆஸ்பத்திரியோ, உன்னைப்போல ஆள் கிடைக்காது, நீ வந்தால் எங்கள் பாக்கியம் என்று தேனாய் எழுதியது.

பிப்ரவரிப் பனியில் ஒருநாள், என் சமையலறையில் பீன்ஸும் சோளரொட்டியும் ஆறிக்கொண்டிருக்க, மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம்.

“நெவாடா எந்தப் பக்கம் இருக்குன்னே எனக்குத் தெரியாது, அதைக் கடைசியில தள்ளுடி,” என்றேன்.

“ஹேகன்ஸ் ஒரு வார்த்தை பேசலையே அத்தை. நான் வேணும்னா சொல்லியிருக்க மாட்டாரா?”

ஆர்பின் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான். “கூப்பிடாத வீட்டு வாசல்ல எம்பொண்ணு போய் நிக்க மாட்டா.”

எங்கள் பக்கத்துப் பழக்கம் அது. பசித்தாலும், மூன்று தடவை அழைக்காமல் அடுத்த வீட்டில் தட்டில் கை வைக்க மாட்டோம். ஆனால் லேக்கனுக்கு விவரம் தெரியும். கல்லூரியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். ஆசைப்பட்டதை முதலில் எழுது, அவர்கள் உன்னை எடுக்காவிட்டால் கம்ப்யூட்டர் அடுத்ததுக்குப் போகும், அங்கே உன் இடம் கொஞ்சமும் குறையாது என்று. என் கரண்டிகளை வரிசையாக வைத்து எனக்கே விளக்கிக் காட்டினாள். காட்டிவிட்டு, அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். தெரிந்தும் ரோஷம் அவளைப் பிடித்துக்கொண்டது. நெவாடாவை முதலில் எழுதினாள், மேசன்ஃபோர்க்கை இரண்டாவதாக.

மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை, கல்லூரி மண்டபத்தில் எல்லாருக்கும் அவரவர் இடம் எழுதிய உறை கொடுத்தார்கள். லேக்கன் பிரித்தாள். நெவாடா. சுற்றிலும் கத்தலும் கட்டிப்பிடிப்பும். ஆர்பினும் கை தட்டினான். சிலிண்டர் வண்டியைப் பிடித்த கை அது, சத்தமே வரவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள்.

கோடையில் நெவாடாவுக்குக் கிளம்பிப் போனாள்.

இலை உதிரும் காலத்தில் ஆர்பினுக்கு மூச்சு அடைத்தது. ஆம்புலன்ஸ் அவனை மேசன்ஃபோர்க்குக்குத்தான் கொண்டுபோனது. உள்ளே பார்க்க ஆள் போதாமல், நடைபாதையில் ஸ்ட்ரெச்சரிலேயே வெகுநேரம் கிடத்தியிருந்தார்கள். கடைசியில் ஹேகன்ஸே வந்தார். குழாயைச் சரிசெய்து, ஊசி போட்டு, ஆர்பின் கொஞ்சம் தெளிந்ததும் பேச்சுவாக்கில் கேட்டார்.

“லேக்கனுக்கு எங்களைப் பிடிக்கலையா ஆர்பின்? நாங்க அவளைத்தான் மொதல்ல எழுதியிருந்தோம். ரெண்டு இடத்துக்கு ஆளே வரலை, சும்மா கெடக்கு.”

நான் குறுக்கே விழுந்தேன். “ஒரு வார்த்தை அவகிட்ட சொல்லியிருக்கலாமே டாக்டர்.”

“நோயாளித் தகப்பன் பக்கத்துல இருக்கற பொண்ணு. நான் கேட்டா, வேற எங்கயும் போக முடியாம நெருக்கற மாதிரி ஆயிடும்னு விட்டுட்டேன்மா.” அவரும் எங்கள் மலைக்காரர்தானே.

ஆர்பின் கண்ணை மூடிக்கொண்டான். ஹேகன்ஸ் அந்தப் பக்கம் போனதும், “அக்கா, இது அவ காதுக்குப் போகக்கூடாது,” என்றான். எனக்கு வாய் சும்மா இருக்காது, சொல்லியே தீருவேன் என்று சண்டை போட்டேன். பேச மூச்சில்லாமல் என் கையைப் பிடித்துக்கொண்டான். அந்தப் பிடிக்காகத்தான் அடங்கிப்போனேன்.

வாரம் தவறாமல் லேக்கன் போன் பண்ணுகிறாள். அங்கே பனியே கிடையாதாம், மண்ணெல்லாம் சிவப்பாம். பேச்சு எப்படிப் போனாலும் முடிவது ஒரே மாதிரிதான்.

“மூணு வருசம்தானே அப்பா. முடிஞ்சதும் ஓடி வந்துடுவேன்.”

“ஆமா கண்ணு,” என்று சொல்லிவிட்டுப் போனை வைப்பான். அப்புறம் கை தானாக ஆக்சிஜன் மிஷினின் குமிழுக்குப் போகும். அதை மேலே திருகப் பார்ப்பான். ஆஸ்பத்திரிக்குப் போன தடவையே ஹேகன்ஸ் அதைக் கடைசிவரை திருகிவைக்கச் சொல்லிவிட்டார், இனி அது மேலே போகாது.