கப்பல் கரைக்கு வரும்வரை ஒரு ரூம்

மொட்டை மாடியில் காய்ந்த பெட்ஷீட்டுகளை அள்ளி மார்போடு அணைத்தால், பிளீச்சிங் பவுடரும் உப்புக்காற்றும் கலந்து ஒரு வாசனை வரும்... தூத்துக்குடியில், துறைமுகம் போகும் ரோட்டில் நாங்கள் லாட்ஜ் நடத்திய நாட்களை நினைத்தாலே அந்த வாசனைதான் எனக்கு முதலில் வரும்.

சின்ன லாட்ஜ்தான். மாடியில் ரூம்கள், கீழே எங்கள் வீடு. லாரி டிரைவர்களும் துறைமுக வேலையாக வருகிறவர்களும் தங்குவார்கள். திருவிழா சமயத்தில் மாதா கோயிலுக்கு வரும் குடும்பங்கள். எங்கள் வீட்டுக்காரர் முன்னால் உட்கார்ந்து சாவி கொடுப்பார். தலையணை உறை, வாளி, துண்டு எல்லாம் என் பொறுப்பு. பள்ளிக்கூடம் போனது கொஞ்சம்தான். ஆனாலும் ஒரு துண்டு குறைந்தால் கண்டுபிடித்துவிடுவேன்.

அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. தனியாக வரும் பெண்ணுக்கு ரூம் கிடையாது. அப்போது நிறைய லாட்ஜில் அப்படித்தான். என்ன துக்கத்தோடு வந்திருக்கிறாளோ, கதவைச் சாத்திக்கொண்டு ஏதாவது செய்துகொண்டால்... அந்தப் பயம்.

ஒருநாள் மத்தியானம் கைக்குழந்தையோடு செல்வி வந்து நின்றாள். திருப்பூர்க்காரி. அவள் கணவனுக்குச் சரக்குக் கப்பலில் எஞ்சின் ரூம் வேலை. மனைவி முழுகாமல் இருந்தபோது போனவன், பிள்ளையை இன்னும் பார்க்கவில்லை. அதிசயமாக அவன் கப்பல் நம் ஊருக்கே நிலக்கரி கொண்டுவந்திருந்தது. ஆனால் துறைமுகத்தில் இடம் காலியாகாமல் வெளிக்கடலில் காத்துக் கிடந்தது. உள்ளே வந்தால்தான் அவன் இறங்க முடியும். அதுவும் சில மணி நேரம்தான்.

"ஒத்தையில வந்தவங்களுக்கு ரூம் குடுக்கது இல்லம்மா" என்றார் இவர்.

வெளியே வெயில். அவள் முந்தானையை இழுத்துப் பிள்ளையின் தலையை மூடிக்கொண்டு திரும்பினாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஒத்தையிலன்னு யாரு சொன்னா? கூட ஆம்பளை வந்திருக்கான்லா" என்றேன்.

"எங்கன?"

"அவ தோள்ல கெடந்து உறங்குதான், பாருங்க."

பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்த நாமக்கல் டிரைவர் சிரித்துவிட்டார். இவர் என்னை முறைத்தார். "ஏளா, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நீதான் பதில் சொல்லணும்." சாவியை மேசைமேல் வைத்தார். "ஒரு நாளைக்குத்தான்."

மறுநாளும் கப்பல் உள்ளே வரவில்லை. காலையிலிருந்தே இவர் நச்சரிக்க ஆரம்பித்தார். "அழுத முகமா இருக்கா ஏளா. எனக்கு மனசு கெடந்து அடிக்குது. அனுப்பி வச்சிரு."

அது அழுத முகம் இல்லை, தூக்கமில்லாத முகம். பிள்ளை பெற்ற எவளுக்கும் தெரியும். நான் இட்லி கொண்டுபோனபோது செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போகச் சொல்லிப்போடாதீங்கக்கா. இந்தத் தடவை உட்டா, இவன் எந்திரிச்சு நடக்கறப்பத்தான் அப்பனைப் பார்ப்பான்."

நான் கீழே வந்து உலை வைத்திருப்பேன்... அதே நாமக்கல் டிரைவர் படியில் தடதடவென்று இறங்கி வந்தார். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"அண்ணே... அந்தப் பொண்ணு ரூமுல... உத்திரத்துல சேலை தொங்குதுண்ணே. ஆடுது."

பழைய கட்டடம், உத்திரத்தில் இரும்பு வளையம் உண்டு. வராந்தா சன்னலில் பாதிக்குத் திரை. மேலே மட்டும்தான் தெரியும். இறுகிப்போன ஒரு சேலை, மெதுவாக ஆடியபடி...

இவர் செருப்புகூடப் போடாமல் ஓடினார். "மாதாவே, மாதாவே" என்று நான் பின்னால் ஓடினேன். கதவைத் தட்டிய தட்டில் சுவரே அதிர்ந்தது.

கதவு திறந்தது. செல்வி உதட்டில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள்.

"மெதுவாங்க... இப்பத்தானுங்க தூங்குனான்."

சேலையில் தொட்டில். உள்ளே பெரிய மனுஷன் இரண்டு கையையும் விரித்துப்போட்டு உறங்குகிறார்.

இவர் அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். டிரைவர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று துண்டால் முகத்தைத் துடைத்தார்.

கொஞ்ச நேரம் கழித்து இவர் எழுந்து போய் மேலே அண்ணாந்து பார்த்தார். "வளையம் துருப்புடிச்சிக் கெடக்கே. தாங்காது." கீழே போய் நைலான் கயிறு எடுத்து வந்து, உத்திரத்தைச் சுற்றியே கட்டிக் கொடுத்தார். அனுப்பி வைக்கும் பேச்சு அதோடு நின்றது. மாடியில் அன்று யாரும் சத்தமாகப் பாட்டு வைக்கவில்லை. டிரைவர் சொல்லிவைத்திருந்தார்.

அதற்கு அடுத்த நாள் கப்பல் உள்ளே வந்தது. செல்வியின் கணவன் எண்ணெய் வாசத்தோடும் பெரிய தாடியோடும் படியேறிப் போனான். சாயங்காலம் திரும்பிவிட வேண்டும். பிள்ளை அவன் முகத்தைப் பார்த்ததுதான் தாமதம், வீறிட்டு அழுதது. அம்மா கழுத்தை விடவே இல்லை.

அவன் கீழே இறங்கி வந்தான். "அண்ணாச்சி, இங்க சலூன் எங்க இருக்கு?" தாடியைத் தடவிக்கொண்டே கேட்டான்.

இவர் சாவிகளை என்னிடம் போட்டுவிட்டு அவனை பைக்கில் ஏற்றிக்கொண்டு பறந்தார். சலூனில் காத்திருந்தவர்களிடம் விஷயத்தைச் சொல்லி முதல் ஆளாக உட்கார வைத்தாராம். திரும்பி வந்தபோது பளபளவென்று ஒரு சின்னப் பையன் முகம். பிள்ளை இந்தத் தடவை அழவில்லை. கையை நீட்டி அந்தக் கன்னத்தைத் தடவியது... பிறகு மூக்கைப் பிடித்து இழுத்தது. அவன் அசையாமல் காட்டிக்கொண்டிருந்தான்.

லாட்ஜை வேறு ஒருவரிடம் விட்டு ரொம்ப நாளாகிறது. இப்போது போனிலேயே ரூம் போட்டுக்கொள்கிறார்கள். பெண்கள் தனியாக வருகிறார்கள், தங்குகிறார்கள், யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. நல்லதுதான். மனதாரச் சொல்கிறேன்.

கோயிலுக்குப் போகும்போது அந்த வழியாகத்தான் நடக்கிறேன். மாடியை ஒருதரம் நிமிர்ந்து பார்ப்பேன். எல்லாம் ஏசி ரூம், சன்னல்கள் சாத்தியே இருக்கின்றன. உள்ளே ஏதாவது பிள்ளை அழுதாலும் ரோட்டுக்குக் கேட்காது.